சனி, ஞாயிறு, நாகர்கோவில்

கைப்பந்தில் நாங்கள் ஆறு பேர்.
எந்த ஆட்டத்திலும் யாராவது ஒருத்தி
பந்து வரும் நேரம் பார்த்து
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பாள்.
அதனால்தான் குழுவுக்கு ஷமீலா வைத்த பெயர்
'ஆறாவது ஆள் எங்க?'

பதினோரு வருடம் கழித்து
ஒரு சனி, ஒரு ஞாயிறு கிடைத்திருக்கிறது.
ஊரில் மிச்சமிருப்பவள் நான்.
திட்டம் என் தலையில்.

உட்கார்ந்து தின்கிற பயணம் வேண்டாம்,
மிதிக்கணும், ஓடணும், ஏறணும்,
திரும்பிப் போற ரயிலில்
மேல் பெர்த்துக்குக் கால் தூக்க முடியக் கூடாது
என்றாள் டெல்பின்.
ரசவடைக்கு மட்டும் விலக்கு உண்டா என்றாள் பகவதி.
சுபிஜாவுக்கு சனி மதியம்வரை டியூட்டி,
அவளுக்காகக் காத்திருக்க வேண்டாமாம்,
அவள் இல்லாமல் தொடங்கவும் வேண்டாமாம்.

எழுதினேன்:
சனி விடியலில் கோட்டார் ஸ்டேஷன்.
மணிமேடைப் பக்கம் ஒரு சாயா.
சைக்கிள் ஆறு. நான்கு வாடகை, ஒன்று என்னுடையது,
ஒன்று எதிர்வீட்டு சஜினுடையது, பிரேக் ஒரு பக்கம்தான்.
பார்வதிபுரம் பாலத்தின் அடிவழியாகப் போய்
வெயில் ஏறுமுன் புத்தேரிக் குளக்கரை.
சாயங்காலம் ஸ்டேடியத்தில் ஓட்டம்.
ஞாயிறு காலை மருத்துவாழ்மலை.

எல்லாரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.
ஐந்து கட்டைவிரல்கள்.

நள்ளிரவு தாண்டி, குழுவில் இல்லாமல்
எனக்கு மட்டும் வந்தது:
'அந்த மலைக்கு எத்தன படி?'
அடியில் இன்னொரு வரி இருந்திருக்கிறது.
நான் திறப்பதற்குள் அழித்துவிட்டாள்.

பிரிஸ்கில்லா.
வலைக்கு மேலே முழங்கை தெரிய எழும்பி
எதிர்ப்பக்கத்துக்காரி கை சோர்ந்து இறக்கும்வரை
காற்றில் நின்றவள்.

'ஏன்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'எண்ணிச் சொல்றேன்.'

புதன்கிழமை வங்கியில் ஒரு மணிநேரம் பெர்மிஷன்.
பொத்தையடியில் ஸ்கூட்டரை நிறுத்தி
ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன்.
நூற்றிச் சொச்சத்தில் ஒரு குரங்கு
குறுக்கே வந்து என் பையைப் பார்த்தது.
திரும்ப இறங்கி, திரும்ப ஒன்று.
படி முடிந்தால் பாறை, பாறை முடிந்தால் படி.
பாறையை எத்தனை என்று போடுவது?

பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு
வேறொன்றைப் பார்த்துக்கொண்டு ஏறினேன்:
எங்கே பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது,
எங்கே நிழல்,
எந்தத் திருப்பத்தில் ஒருத்தி நின்றுவிட்டால்
கடல் பார்க்க நிற்கிறாள் என்று
மற்றவர்கள் நம்புவார்கள்.
அப்படி ஒரு இடம் இருந்தது.
அதற்கு அப்புறம் நெடுந்தூரம் இல்லை.

ராத்திரி குழுவில் போட்டேன்:
'மலை கேன்சல். தேனீ கூடு கட்டியிருக்கு.
பெரிய கூடு.'
எனக்குத் தேனீ பயமில்லை என்றாள் டெல்பின்.
தேனீக்கு உன்னைக் கண்டா பயமிருக்கும் என்றாள் பகவதி.
ஷமீலா மூன்று தேனீப் படம் அனுப்பினாள்,
ஒன்று கண்ணாடி போட்டிருந்தது.
சுபிஜா சிரித்தாள், டியூட்டியில் இருந்துகொண்டே.

மலைக்குப் பதில் சங்குத்துறை.
ஈரம் படாத மணலில் வலை கட்டி
மூன்றுக்கு மூன்று.
அந்த மணலில் யாருக்கும் எழும்ப வராது.
டெல்பினுக்கும் வராது.
கால் புதையும், பந்து தாழப் போகும்,
விழுந்தாலும் ஆட்டத்தில் சேர்த்தி.
இதை நான் எழுதவில்லை.
'காத்து நல்லா இருக்கும்' என்று மட்டும் எழுதினேன்.

பன்னிரண்டு பத்துக்கு, எனக்கு மட்டும்:
'தேனீ எத்தன?'

'எண்ணிட்டு இருக்கும்போ குரங்கு வந்துட்டு.'

எழுதுகிறாள், எழுதுகிறாள் என்று
வெகுநேரம் காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.

'பந்துக்கு காத்து கொஞ்சம் கொறச்சு அடி.'