மறுகரை

முள் குத்தியிருக்கும் என்றுதான் சொன்னேன்.
நூல் நூலாய் எச்சில்.
உன்னிச்சைத் தண்ணீரைக் கண்டும் குனியாத தலை.

டொக்டர் பிள்ளை நாக்கை இழுத்துப் பிடித்தா.
கொப்புளம் உடைந்த இடம்
பிளந்த கொய்யாவின் உள்சிவப்பு.

"முள்ளெண்டா வாயோட நிக்கும்.
காலைத் தூக்குங்க அண்ணன்."

குளம்புப் பிளவிலும் அதே நீர்க்கொப்புளம்.

மற்ற மாடுகளின் வாயைப் பார்த்துக்கொண்டே போனேன்,
பதினொன்றில் எண்ணுவதை விட்டேன்.
தயிருக்குப் பால் எடுக்க வந்த பொடியன்
வெறுங்கலனோடு திரும்பினான்.

மறுகரையில் ஆதம்லெவ்வையின் எருமைகள்.
குறி மாறிய நாம்பன் ஒன்றுக்காக
நாலு வருசம் பேச்சில்லை.
குடிப்பது ஒரே தண்ணீர்.

"அங்க போகாதீங்க,
உங்கட செருப்பிலயும் நோய் இருக்கும்."

போனில் அழைத்தேன்.
எடுத்தான். பேசவில்லை.

"வாயத் திறந்து பாரு" என்றேன்.
பிறகு,
"எருமைட வாய."