ஏழு கோடு

குன்னூரில் மூன்றாம் நாளாக மழை.
கிளப்பின் பின்னறையில், பழைய துண்டின் மேல்
நாற்பத்தொன்பது வெற்றுத் தோட்டாக்கள்.
ஐம்பதாவதைப் புல்லில் தொலைத்தவன் போஜன்.
தேடப் போகவில்லை, அட்டை ஏறுமாம்.

ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கர் கோடு,
எத்தனை முறை மருந்தடைத்துச் சுட்டோம் என்ற கணக்கு.

கழுத்து கீறினால் கண்ணுக்கே தெரியும்,
சண்டையில்லாமல் தூக்கிப் போட்டுவிடலாம்.
குழி தளர்ந்தால் கட்டைவிரல் சொல்லும்:
கேப்பு முரண்டு பிடிக்காமல் இறங்கும்.
அடிப்பக்கம்தான் பொய் பேசும்.
வெளியே அப்படியொரு மினுக்கு.

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக்கி,
உள்ளே விட்டுச் சுவரோடு மேலே இழுக்கிறேன்.
வழுக்குகிறது. வழுக்குகிறது.
இதில் தட்டியது.
திருப்பி இழுத்தேன். அதே இடம்.
சோப்பில் நகம் பட்ட பள்ளம், அவ்வளவே.
ஏழு கோடு.

"இன்னும் ஒரு தடவை தாங்கும், ரெஜினா.
கோயம்புத்தூர்ப் பெட்டி வரவே இல்லை,
ஞாயிறு போட்டி."

தாங்கலாம்.
போன ஆறு தடவையும் தாங்கியதுதானே.
போல்ட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே நாலு விரல்;
ஞாயிற்றுக்கிழமை
அந்தக் கன்னம் அவனுடையது.

குறடால் வாயை நசுக்கினேன்.
பித்தளை முனகக்கூட இல்லை.
போஜனும்.

தகரக் கூரையில் மழை வலுத்தபோது
தானும் ஒரு கிளிப்பை நிமிர்த்திக்கொண்டு
எதிரே வந்து உட்கார்ந்தான்,
ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக்கொண்டு இழுத்தான்.
கேட்காது, விரலில்தான் தெரியும் என்று
நான் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டு.
பாதி என் பக்கம் தள்ளினான்.