கையை எடு

கேயோன் துறைமுகத்தில் விடியல் ஐந்தரைக்கு மழை.
ஆலைப் பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஓடி வருகிறேன்.
ஒரு மார்பு கல்லாய்க் கனக்கிறது,
மறுபக்கம் சட்டை நனைந்தாயிற்று.
இரவெல்லாம் சால்மன் சதையில்
இடுக்கியால் முள் பிடுங்கிய விரல்களைக்
கக்கத்தில் சூடேற்றிக்கொண்டுதான்
உன்னைத் தொடுவேன், அலீரோ.

நீ கண் திறப்பதில்லை.
வாய் மட்டும் தேடி வருகிறது.
மீன் வாடைக்கு அடியில் எங்கோ கிடக்கும் என்னை
மோந்தே பிடித்துவிடுகிறாய்.

பிறகு, கடி.
மேலே நான்கு, கீழே இரண்டு.
"ஐயோ" என்றால் சிரிப்பு வேறு,
காம்பை விடாமலே, கடைவாயில் பால் ஒழுக.

அந்த நான்கில் இரண்டில், ஈறை ஒட்டி,
சுண்ணாம்பு இழுவினாற்போல் ஒரு வெள்ளைக் கோடு.
பால் படிந்ததென்று துடைத்தேன்.
போகவில்லை.

ராத்திரிப் பால் பல்லைத் தின்னும், நிறுத்து
என்றாள் ஒதிலியா.
நான் வேலைக்குப் போனபின் நீ அழாமலிருக்கப்
புட்டியில் சர்க்கரைத் தேநீர் ஊற்றித் தருகிறவள் அவள்தான்.
பிள்ளைக்கு ஒரு பல், தாய் கட்டும் வரி அது
என்றாள் ஆலையில் பக்கத்து மேசைக்காரி.
நான் மூன்று கட்டியிருக்கிறேன்.

பல் மருத்துவர் இஸ்மேனியாவும் நானும்
முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தோம்.
உன் தலை அவர் மடியில், கால்கள் என் இடுப்பில்.
நீ வீறிட்டாய்.
"நல்லது, வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

"வெள்ளை இன்னும் குழியாகவில்லை.
தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லமாட்டேன். அந்தப் புட்டியை நிறுத்து.
படுக்குமுன் பல் துலக்கிவிடு,
பசை ஓர் அரிசி அளவு போதும்."
வாயைப் பொத்தியபடி தலையாட்டினேன்.
"கையை எடு" என்றார்.
உன்னை அதட்டுகிறார் என்று நினைத்தேன்.
என்னைத்தான்.

கஞ்சிக்குச் சூடு பார்க்க நான் நக்கிய கரண்டி.
கீழே விழுந்ததை நான் சப்பிக் கொடுத்த சூப்பான்.
என் சொத்தை
உன் வாய்க்குக் குடிபோக
நானே படகு விட்டிருக்கிறேன்.
வருகிற செவ்வாய், அந்த நாற்காலியில் நான்.

இன்று விடியலில் நீ கடித்தபோது
இரண்டு கையும் உன் பாரத்தில் இருந்தன.
பொத்துவதற்குக் கையில்லாமல்
சிரித்துவிட்டேன்.

நீ காம்பை விட்டாய்.
முதல் தடவையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தாய்.
பால் ஈரம் காயாத விரலை நீட்டி
என் மேல்வரிசைச் சந்துக்குள்
மெல்ல நுழைத்தாய்,
உள்ளே யார் இருக்கிறார்கள் என்று.