ஒற்றைக் கம்பம்

பம்பருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான்
டிரெய்லரை விற்றவர் சொன்னார்.
நாலங்குலச் சதுர இரும்பு, உள்ளே வெறுங்காற்று,
இரண்டு முனையிலும் ரப்பர் மூடி.
வெர்லின் தலையாட்டினான்.
நான் கழிவுக் குழாயின் வாயைப் பார்த்தேன்.
அதன் வளையம் அந்தச் சதுரத்தைவிட
ஒரு விரல்கடை பெரிது.

அளவைப் பற்றி நான் சொன்னால் அது பேச்சு.
அவன் சொன்னால் கணக்கு.

வீட்டை விற்ற வாரம்.
மூன்று படுக்கையறை, நிலவறை,
கோடைதோறும் நான் கழுவித் துடைத்த வெள்ளை வேலி
எல்லாம் ஒரு கையெழுத்தில் போயிருந்தது.
இருபத்தாறு அடிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தோம்
இது வேண்டும், இது வேண்டாம்,
இது வேண்டும் ஆனால் இடமில்லை.

தினமும் போவதற்கு வழி வேண்டும்.
போன பிறகு அந்த வழியைச் சுருட்டி
எங்காவது வைக்கவும் வேண்டும்.
ஐம்பது வருடம் மண்ணுக்கடியில்
யாரோ பார்த்துக்கொண்ட வேலை அது.

மிசூரி ஆற்றங்கரை முகாமில்
ஒரே பெட்டிக்குள் பார்த்தேன்
குடிநீர்க் குழாயும் அதுவும்,
வெள்ளையும் பழுப்பும், ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு.
"கழுவித்தானே வைத்தேன், மார்லிஸ்."
அன்று நான் கத்தியதில் பாதி
குழாயைப் பற்றியதல்ல.
பக்கத்து வண்டி ஓபல் ஜன்னலைச் சாத்தவில்லை,
இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

மறுநாள் காலை
வளையத்தின் காதுகளை அரத்தால் ராவி
பம்பருக்குள் திணித்துவிட்டு வந்தான்.
முழங்கை வரை கையுறை.
முகத்தில் ஒரு வெற்றி.

கடோகா தாண்டியதும் காற்று.
மூடி எந்த மைலில் விழுந்ததோ.
பின்னால் வந்த மாட்டு லாரி
விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
பதினைந்து அடி வால்
தார்ச்சாலையில் துள்ளித் துள்ளி
எங்களை விட மனமில்லாமல் வந்துகொண்டிருந்தது.
பிறகு விட்டுவிட்டது.

சாலையோரம் நிறுத்தி அவன் திரும்பி நடந்தான்.
புல்வெளி, வேலி, புல்வெளி.
சட்டை காற்றில் புடைத்து
தூரத்தில் ஒரு சின்னக் கூடாரம்போல் போனான்.
அரைமணி நேரம் கழித்து வந்தபோது
கையில் அந்த ராவிய வளையம் மட்டும்.
மீதியை லாரிகள் எடுத்துக்கொண்டன.
"பத்திரமாகத்தான் இருக்கிறது" என்றான்.
நான் சிரித்தேன்.
வீட்டைப் பூட்டிச் சாவி கொடுத்த நாளிலிருந்து
சிரித்ததில்லை,
அதனால் சத்தம் எனக்கே கொஞ்சம் விநோதமாக இருந்தது.

ராப்பிட் சிட்டியில் இரும்புக்கடை.
"பிளாஸ்டிக் வேலிக்கம்பம் ஒன்று."
"வேலி எவ்வளவு நீளம்?" பையன் பென்சிலை எடுத்தான்.
"வேலி இல்லை."
"ஒரே ஒரு கம்பமா?"
"ஒன்று. இரண்டு மூடி. ஒரு கீல்."
பையன் என்னைப் பார்த்தான்,
இந்த ஆளோடு நீங்கள் நலமா என்பதுபோல.
"ஐந்தங்குலக் கம்பம்," என்றேன்.
"நாலு போதாது."
வெர்லின் மறுக்கவில்லை.

கடை வாசலிலேயே வேலை.
அவன் மல்லாந்து வண்டிக்கடியில்,
நான் தோளில் கம்பத்தைத் தாங்கி.
ஈரம் காய அடியில் ஏழு துளை,
குளவி நுழையாமல் உள்ளே வலை.
எங்கள் வேலியின் அதே வெள்ளை.
ஊன்றி நிற்க மண் கிடைக்காமல்
சக்கரங்களுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது.

புதுக் குழாய் சத்தமில்லாமல் உள்ளே போனது.
சுற்றிலும் ஒரு விரல்கடை மிச்சம்.
அந்த இடுக்கில்
இரண்டு ஜோடிக் கையுறையைச் செருகினான்.
இரண்டாவது ஜோடி யாருக்கு என்று
நான் கேட்கவில்லை.

குடிநீர்க் குழாய்
இப்போது என் கட்டிலுக்கடியில் தூங்குகிறது.
அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.