குனிந்தவன் சாட்சி

ஒன்பது பருவங்கள்
லைல் கோவாசிக்கின் கைகளுக்கு முன்னால் குனிந்திருந்தேன்.
அவன் பந்தெறிந்து ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.

பார்க்க முடியாது. என் வேலை அப்படி.
கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்த கணமே
முந்நூறு ராத்தல் ஆள் ஒருவன்
என் மோவாயில் வந்து இறங்குவான்.
போய்ச் சேர்ந்ததா என்பதை
எழுபதாயிரம் தொண்டைகள்தான் எனக்குச் சொல்லும்.
உறுமினால், சேர்ந்தது.
உச்சுக் கொட்டினால், புல்லில் விழுந்தது.
சத்தமே இல்லையென்றால்
விழுந்து கிடப்பது அவன். திரும்பி ஓடு.

எல்லோரும் அவன் வலது தோளைப் பற்றி எழுதினார்கள்.
எனக்குத் தெரிந்தது அவன் குரல்.
"நீலம் எண்பது, நீலம் எண்பது."
முதல் வருடம் அதில்
நிலக்கரி ஊர்ப் பையனின் தொண்டை வறட்சி.
நான்காம் வருடம், மூன்றாவது வீடு வாங்கியவனின் அவசரம்.
ஏழாம் வருடம், விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருந்த ஞாயிறு,
எண்பதை இரண்டாக உடைத்துச் சொன்னான்,
நடுவில் ஒரு மூச்சு வைத்து.
புதுச் சங்கேதம் என்று பதறி
எதிரணியில் இருவர் கோட்டைத் தாண்டிக் குதித்தார்கள்.
ஐந்து கெஜம் சும்மா கிடைத்தது.
உன் விலாவுக்குச் சம்பளம் தனியாகக் கேள் என்றேன்.
சிரிக்க வைக்காதே, வலிக்கிறது என்றான்.

கைகளும் தெரியும்.
ஏரிக்காற்று பனியைக் கிடைமட்டமாக ஓட்டிவரும் டிசம்பரில்
செங்கல்போல் இறுகிய பந்தை வாங்க
அவன் விரல்கள் மட்டும் சூடாக வரும்.
இடுப்பில் கட்டிய கம்பளிப் பைக்குள்
அவித்த உருளைக்கிழங்கு ஒன்று வைத்திருப்பான்.
மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் அதைத் தின்றும்விடுவான்.
இது எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

அப்புறம் அந்த ஜனவரி.
நான்கு கெஜம், பதினோரு விநாடி, மழை.
மூன்றாவது ஹட்டுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும்.
இரண்டாவதற்கே கொடுத்துவிட்டேன்.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
இன்னும் விரியாத கையில் மோதி
சுண்டுவிரலை உடைத்துக்கொண்டு
பந்து சேற்றில் உருண்டது.
அந்தச் சத்தமின்மையை
நான் திரும்பாமலே கேட்டேன்.

ஒலிவாங்கிகளுக்கு முன் அவன் சொன்னது ஆறே சொற்கள்:
"பந்து நல்லாத்தான் வந்தது. என் கை வழுக்கிவிட்டது."
அடுத்த அறையில் கணுக்காலின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
பிரித்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச்சில் அவனை விலக்கினார்கள்.
எனக்கு நான்கு வருட ஒப்பந்தம் தந்தார்கள்.
அவனுக்கு அதற்குப் பிறகு மூன்று நகரங்கள்,
மூன்று தொப்பிகள்,
ஓரக்கோட்டில் சேறு படாத சீருடை.
ஓய்வு பெற்றபோது செய்தித்தாளில் ஐந்து வரி.
அதில் மூன்று அந்த மழை.

போன அக்டோபர், டொலீடோவில்,
மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தேன்.
எனக்கு முழங்கால். அவனுக்குத் தோள்.
பன்னிரண்டு வருடமாக வாயில் வைத்திருந்ததை
ஒருவழியாக எடுத்தேன்:
"லைல், அன்றைக்கு, இரண்டாவது ஹட்..."
"தெரியும்" என்றான்.
"எண்ணியது நான்தானே?"

பிறகு, தோளைத் தூக்க முடியவில்லை, நீயே ஓட்டு என்று
இடது கையால், தாழ்வாக,
கார் சாவியை என்னிடம் எறிந்தான்.

விதிப்புத்தகத்தில் என் இடத்துக்காரன்
அவன் எறிவதைப் பிடிக்கத் தகுதியற்றவன்.
அது சுழன்று வருவதை,
வெயில் பட்டு ஒருமுறை மின்னுவதை
முழுதாகப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்ததில் கைநீட்ட மறந்தேன்.
விரல்நுனியில் பட்டு
காருக்கடியில் போய்விட்டது சாவி.

தோள் போனவனும் முழங்கால் போனவனும்
அதைப் பார்த்தபடி நின்றோம்.
குனிய வேண்டியது யார் என்பதில் மட்டும்
இருவருக்கும் சந்தேகமில்லை.