பேசவும்

கோப்பு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
எழுபத்தொரு பக்கம், இரண்டு இணைப்பு,
ஒரு பச்சைக் கயிறு.
அறுபது தாண்டியவர்களுக்கு நாம் வைத்திருக்கும்
மூன்று மருத்துவத் திட்டங்களை
ஒன்றாக்கலாம் என்று எழுதியிருந்தேன்.

பாகூரில் இருக்கும் ஒருவர்
பத்து நாள் சர்க்கரை மாத்திரைக்கு
இரண்டு பஸ் ஏறி வர வேண்டாம்.
மூன்று மாதத்துக்கானதைச் சேர்த்து
அவர் ஊர்த் துணை நிலையத்திலேயே தரலாம்.
கண்புரைக்குத் தனியாருக்குக் கட்டும் பணத்தில்
பாதி போதும்;
நம் ஆஸ்பத்திரியில் மேசை இருக்கிறது, விளக்கு இருக்கிறது,
டாக்டர்தான் செவ்வாய்க்கிழமைகளில் வருவதில்லை.

எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டது நிதித்துறை.
எழுதினேன்.
அப்படியானால் அந்த மிச்சத்தை முதலில்
நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றது.
இல்லை, அது மாத்திரைக்கு என்று
இன்னொரு குறிப்பு வைத்தேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல் வந்தது:
பேசவும்.

பேசினேன்.
எம்.எல்.ஏ. ஒருவர் காப்பி வரவழைத்தார்.
"என் கடிதம் இல்லாமலே கார்டு கிடைத்துவிட்டால்
காலை ஏழு மணிக்கு
என் வாசலில் யார் சார் நிற்பார்கள்?"
வெட்கமில்லாமல் கேட்டார்.
அதனாலேயே அவரைப் பிடித்துப் போனது.

எப்படியோ கசிந்தது. மாலைப் பேப்பரில்
'முதியோர் மாத்திரையில் கை வைக்கிறது அரசு.'
மறுநாள் கடற்கரைச் சாலையில்
எங்கள் ஜன்னலுக்குக் கீழே முந்நூறு பேர்,
பாதிப் பேர் தரையில் உட்கார முடியாதவர்கள்.
மூடிய மில்லின் நெசவுப் பிரிவு அந்துவான்
ஊன்றுகோலில் அட்டையைக் கட்டித் தூக்கியிருந்தார்.

இறங்கிப் போனேன்.
குறைக்கவில்லை ஐயா, சேர்க்கிறோம் என்றேன்.
சிரித்தார். வாயில் பல் இல்லை.
(பல் செட்டுக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை;
என் கோப்பில் நாற்பத்திரண்டாம் பக்கம்.)
"மூணு ஷிப்டை ரெண்டாச் சேத்தாங்க தம்பி.
ரெண்டை ஒண்ணாச் சேத்தாங்க.
அப்புறம் கேட்டுல பூட்டைச் சேத்தாங்க."

எழுபத்தொரு பக்கத்திலும் தேடினேன்.
அதற்குப் பதில் இல்லை.

அன்று மாலையே அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.
"என் உயிர் உள்ளவரை ஒரு மாத்திரை குறையாது!"
கைதட்டல் எங்கள் மாடி வரை கேட்டது.
உண்மைதான். குறையவில்லை.
பத்து நாளுக்குப் பத்து,
பாகூரிலிருந்து இரண்டு பஸ்.

கோப்பு படியிறங்கி வந்தது:
'தேர்தலுக்குப் பின்.'
எந்தத் தேர்தல் என்று போடவில்லை.

"விடுங்க சார், பட்டியல் தானாவே குறையுது"
என்றாள் கணக்குப் பிரிவு ஞானசெல்வி.
கல்நெஞ்சுக்காரி இல்லை.
இறந்தவர் பெயரைக்கூட
ஸ்கேல் வைத்து, கோணாமல்தான் அடிப்பாள்.

இந்த மாதக் கடைசியில் எனக்கு அறுபது.
ஓய்வுப் படிவங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் தாள்.
தற்போதைய மருத்துவத் திட்டத்திலேயே தொடர்கிறீர்களா,
அல்லது, அமலாகும் பட்சத்தில்,
புதிய ஒருங்கிணைந்த திட்டத்துக்கு மாறுகிறீர்களா?

'ஒருங்கிணைந்த.'
அது என் சொல்.
மூன்று நாள் யோசித்து வைத்தது.

பேனாவைத் திறந்தேன்.
உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கொக்கி
அடித்துக்கொண்டே இருந்தது,
யாரோ கேட்டைத் தட்டுவதுபோல.

பழையதில் டிக் போட்டேன்.
யாரும் பார்க்கும் முன்
மை காயட்டுமென்று ஊதினேன்.