பொருள் ஏழு

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
பதினோரு வருஷமாக இந்த நகரமன்றத்தில்.
அழுதாலும் 'கருத்துத் தெரிவித்தார்',
மேசையைக் குத்தினாலும் 'கருத்துத் தெரிவித்தார்'.

பிப்ரவரி, இரண்டாவது செவ்வாய்.
வாசலில் உப்பு தூவிய பனி
சேறாகி எல்லோர் காலோடும் உள்ளே வந்திருந்தது.
பொருள் ஏழு: பன்னிரண்டாம் தெரு ரயில்வே கேட்.
பேசப் பெயர் கொடுத்தவர்கள் மூவர்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசைமேல் பச்சை மஞ்சள் சிவப்பு விளக்குப் பெட்டி.
இந்தியானாவில் சரக்கு ரயிலுக்கு இல்லாத கட்டுப்பாடு
பேச்சுக்கு உண்டு.

ஒஃபீலியா பாரியென்டோஸ் ஒரு படம் கொண்டுவந்தார்.
நிற்கிற ரயில். இரண்டு பெட்டிகளை இணைக்கும் கொக்கியின் மேல்
இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்
அவருடைய மகன்.
கீழே நிற்கும் பையனிடமிருந்து
ட்ரம்பெட் பெட்டியைக் குனிந்து வாங்குகிறான்.
பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்.
"எடுத்தது நான்தான்" என்றார்.
"இறங்குடா என்று கத்தவில்லை. படம் எடுத்தேன்.
இல்லாவிட்டால் நம்பமாட்டீர்களே."

காசிமிர் டூடெக், உருக்காலையில் ஓய்வு பெற்றவர்,
ஒரு நோட்டைப் பிரித்தார்.
"ஜனவரி இரண்டு: நூற்றுப் பதினான்கு பெட்டி, ஐம்பத்திரண்டு நிமிடம்.
ஜனவரி மூன்று: தொண்ணூற்றெட்டு, ஒரு மணி இருபது.
ஜனவரி ஐந்து: எண்ணவில்லை, பல் டாக்டர்."
சிவப்பு எரிந்தபோது
ஜனவரி பதினேழில்தான் இருந்தார்.
நோட்டை மூடாமலே போய் உட்கார்ந்தார்.

லூயெல்லா ப்ரூயிட் கடைசி.
"ஆம்புலன்ஸ் வரவில்லை என்று சொல்ல நான் வரவில்லை.
எட்டே நிமிடத்தில் வந்தது.
அந்தப் பக்கம்.
பெட்டிகளின் இடுக்கு வழியாக அதன் வெளிச்சம்
எங்கள் வீட்டுச் சுவரில் சுழன்றதை
அவரும் பார்த்தார். 'வந்துட்டாங்க' என்றார்."

அவ்வளவுதான்.
மீதி ஒன்றரை நிமிடம் அவருடையது.
பேசவில்லை, உட்காரவும் இல்லை.
பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகும்வரை
மைக்கின் முன்னால் நின்றார்.
ஒரு கவுன்சிலர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத்
திறந்து, குடிக்காமல், மூடினார்.

நகர வழக்கறிஞர் விளக்கினார்:
தண்டவாளம் நம் அதிகாரத்தில் வராது,
நகரம் ஒரு ரயிலை நகரச் சொல்ல முடியாது.
கடிதம் எழுதலாம் என்றார் கவுன்சிலர் கேரட் ஹல்ஸ்.
ஆறுக்குப் பூஜ்ஜியம், ஏகமனதாக.
இது ஐந்தாவது கடிதம்.
முந்தைய நான்கையும் தட்டச்சு செய்தவள் நான்.
இரண்டாவதில் தேதியை மட்டும் மாற்றினால்
மூன்றாவது.

ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பினால்
கேட் மூடியிருக்கிறது.
ரயில் இருட்டோடு இருட்டாக நிற்கிறது.
வரிசையில் முதல் வண்டி டூடெக்குடையது,
அடுத்தது ஹல்ஸினுடையது, மூன்றாவது நான்.
இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்து
ஹல்ஸ் இறங்கினார். கூட்டத்துக்குப் போடுகிற செருப்பு,
சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தார்.
டூடெக் கண்ணாடியை இறக்கி
நோட்டையும் பென்சிலையும் நீட்டினார்.
"நேரத்தைக் குறி. எனக்கு விரல் விறைத்துவிட்டது."
என்ன எழுதினார் தெரியாது.
வெகுநேரம் எழுதினார், ஒரு நேரத்தைக் குறிக்க
அவ்வளவு ஆகாது.

காலையில் குறிப்பை அடித்தேன்.
ஒ. பாரியென்டோஸ் கருத்துத் தெரிவித்தார்.
கா. டூடெக் கருத்துத் தெரிவித்தார்.
லூ. ப்ரூயிட் ஒன்றரை நிமிடம் பேசினார்,
ஒன்றரை நிமிடம் நின்றார்.

விதிப்படி இது தவறு.
அடுத்த செவ்வாய் யாராவது
அந்த வரியை நீக்கச் சொல்லலாம்.
நீக்க ஒருவர் முன்மொழிய வேண்டும்,
ஒருவர் வழிமொழிய வேண்டும்.
யார் கை தூக்குகிறார்கள்,
பார்ப்போம்.